எழுபத்தேழாவது ஊசிக்குப் பிறகு

பாலக்காட்டுக்குப் போகிற காலைப் பேருந்தில் ஒருநாள் என் நோட்டில் எழுத்துகள் குதிக்க ஆரம்பித்தன. மடியில் விரித்திருந்த பக்கத்தில் முப்பது மருத்துவச் சொற்கள். அன்றைக்கு வகுப்பில் பரீட்சை. ஏழாவது சொல்லைப் படிக்கப் போனால் அது எட்டாவதின் மேல் ஏறி உட்கார்ந்தது. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். வழியில் சித்தூரில் பேருந்து நின்றதும் எழுத்துகளும் நின்றன. வண்டி கிளம்பியதும் மறுபடி குதித்தன.

ரோட்டைத் திட்டினேன். ஓட்டுநரைத் திட்டினேன். அதே ரோட்டில், அதே பேருந்தில் இரண்டு மாதத்துக்கு முன்புவரை பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டு போனவள் நான் என்பது அப்போது தோன்றவே இல்லை.

நீண்ட நாள் மருந்து எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கும், அவர்களை மருத்துவரிடம் கூட்டிப்போகிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். எழுபதுகளின் நடுவில் எனக்கு நடந்தது. அந்த ஊசியை இப்போது அவ்வளவாகப் போடுவதில்லை என்கிறார்கள். ஆனால் மருத்துவர் முன்னால் நாம் உட்காரும் விதம் மாறியதாக எனக்குத் தெரியவில்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. எழுத்தில் அது தெரிந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்குக் கேரள எல்லைக்குள், தமிழ் பேசுகிற கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில் நெல்வயல். பேருந்து நிற்கும் இடத்திலிருந்து வீட்டுக்கு வரப்பில் பத்து நிமிடம் நடக்க வேண்டும். பள்ளிக்குப் பிறகு இரண்டு வருடப் பிரிடிகிரி முடித்ததும் பாலக்காட்டில் ஒரு கல்லூரியில் ஆய்வகத் தொழில்நுட்பப் படிப்பில் சேர்ந்தேன். இரத்தம், சளி, சிறுநீர் ஆகியவற்றைச் சோதிக்கக் கற்றுக்கொடுக்கும் படிப்பு. எங்கள் வீட்டில் அதற்கு ஆளாளுக்கு ஒரு பெயர் வைத்தார்கள். சித்தப்பா என்னை 'டாக்டரம்மா' என்று கூப்பிட ஆரம்பித்தார்.

முதல் ஆண்டில் முதல் தாளே மருத்துவச் சொற்கள்தான். புத்தகம் ஆங்கிலத்தில். அந்தச் சொற்களோ ஆங்கிலமும் இல்லையாம், கிரேக்கமும் லத்தீனுமாம். டீச்சர் ஒற்றப்பாலத்துக்காரர், விளக்குவது மலையாளத்தில். எனக்கு அது தமிழில் வந்து சேர வேண்டும். ஒவ்வொரு சொல்லும் இரண்டு சோதனைச்சாவடி தாண்டித்தான் என்னிடம் வந்தது.

நம் ஊரில் வயிறு வலித்தால் வயிற்றுவலி. இங்கே அது காஸ்ட்ரால்ஜியா (வயிற்றில் வலி). நரம்பில் வலித்தால் நியூரால்ஜியா (நரம்பு வலி). வலிக்கிறவனுக்கு எந்தப் பெயர் வைத்தாலும் ஒன்றுதானே என்று பக்கத்தில் இருந்தவளிடம் முணுமுணுத்தேன். டீச்சர் காதில் விழுந்துவிட்டது. மறுநாள் ஐம்பது சொற்களை மூன்று முறை எழுதிக்கொண்டு வரச் சொன்னார்.

இரண்டாவது வாரத்தில் அவர் இரண்டு சொற்களைக் கரும்பலகையில் எழுதி அடியில் கோடு போட்டார். சிம்ப்டம் (நோயாளி தானே உணர்ந்து சொல்வது). சைன் (மருத்துவர் தானே பார்த்துக் கண்டுபிடிப்பது). இரண்டையும் மாற்றி எழுதினால் மதிப்பெண் கிடையாது என்றார். நான் மாற்றி எழுதவில்லை. பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கினேன். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

அந்த மழைக்காலத்தில் எனக்கு இருமல் பிடித்தது. சாயங்காலம் ஆனால் உடம்பு சுடும். ரவிக்கையெல்லாம் தொளதொளத்துப் போயின. ஒருநாள் கைக்குட்டையில் சிவப்பாக ஒரு பொட்டு. ஹீமோப்டிசிஸ் (இருமும்போது இரத்தம் வருதல்) என்பது எங்கள் பட்டியலில் இருந்த சொல். பார்த்த உடனே எனக்குப் பெயர் தெரிந்துவிட்டது. பெயர் தெரிந்ததால் பயம் ஒரு துளிகூடக் குறையவில்லை.

அப்பா என்னைப் பொள்ளாச்சிக்குக் கூட்டிப்போனார். கொழிஞ்சாம்பாறையில் எந்த மருத்துவர் வாசலில் உட்கார்ந்தாலும் நாலு சொந்தக்காரர்கள் பார்த்துவிடுவார்கள். கல்யாணம் ஆக வேண்டிய பெண் மார்புப் படம் எடுத்தாள் என்று பேச்சு கிளம்பினால் அடங்காது. பொள்ளாச்சி மருத்துவர் எக்ஸ்ரேயை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். வலது நுரையீரலின் மேல்பக்கத்தில் புண். டியூபர்குலோசிஸ் (காசநோய்). தினம் ஒன்றாகத் தொண்ணூறு நாள் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, கூடவே ஒன்றரை வருடம் மாத்திரை. பாதியில் விட்டால் நோய் இரண்டு மடங்காகத் திரும்பி வரும் என்று விரலை நீட்டிச் சொன்னார். நாங்கள் இருவரும் தலையாட்டினோம்.

கம்பவுண்டர் ஒருவர் தினமும் விடிந்ததும் சைக்கிளில் வந்தார். அம்மா கிண்ணத்தில் தண்ணீர் கொதிக்க வைத்துத் தருவாள். கண்ணாடி ஊசிக்குழாயை அதில் போட்டு எடுத்து, இடுப்பில் ஒரு நாள் வலது பக்கம், ஒரு நாள் இடது பக்கம் குத்திவிட்டுப் போவார். குத்தி அரை மணி நேரத்தில் உதட்டைச் சுற்றி மரத்துப்போகும். அக்கம்பக்கத்தில் சத்து ஊசி என்று சொல்லிவைத்திருந்தோம். மூன்று வாரம் வீட்டில் இருந்துவிட்டு, டைபாய்டு என்று பொய் எழுதிக் கொடுத்துக் கல்லூரிக்குத் திரும்பினேன்.

விட்டுப்போன சொற்கள் இருநூறுக்கு மேல் இருந்தன. அவற்றைப் பேருந்தில்தான் படித்தாக வேண்டும். ஊசி தொடங்கி ஏழாவது வாரத்தில் எழுத்துகள் குதிக்க ஆரம்பித்தது அப்படித்தான்.

அடுத்தடுத்துச் சின்னச் சின்னதாக வந்தது. கல்லூரி வாசலில் நடந்துகொண்டே பலகையைப் பார்த்தால் பலகை ஆடியது. நின்று பார்த்தால் ஒழுங்காக இருந்தது. தலைக்கு ஊற்றும்போது சீயக்காய் கண்ணில் படாமல் இருக்கக் கண்ணை மூடினேன், சுவரில் போய் இடித்துக்கொண்டேன். ஒருநாள் பேருந்து தாமதமாகி, இருட்டும் நேரத்தில் வரப்பில் வந்தவள் காலைச் சேற்றில் விட்டேன். நடை பழகிய நாளிலிருந்து வரப்பில் ஓடுகிறவள் நான். பாவாடையெல்லாம் சேறாக வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா பதறினாள். ரத்தம் இல்லாத உடம்பு, அதுதான் தள்ளாடுது என்றாள். அடுத்த வாரம் முழுக்க ஆட்டுக்கால் சூப்பு.

நானும் யோசிக்காமல் இல்லை. நோட்டைப் புரட்டினேன். வெர்டிகோ (தன்னைச் சுற்றியுள்ளவை எல்லாம் சுழல்வது போன்ற உணர்வு) என்று என் கையெழுத்திலேயே இருந்தது. எனக்கு எதுவும் சுழலவில்லை. மாட்டுவண்டியில் போகும்போது உலகம் குலுங்குமே, அந்தக் குலுக்கல் மட்டும்தான், அதுவும் நான் அசையும்போது. அப்படியானால் எனக்கு இருப்பது வெர்டிகோ இல்லை, வெர்டிகோ இல்லையென்றால் ஒன்றும் இல்லை என்று முடிவு கட்டினேன். இருநூறு சொற்களைப் படித்தவளின் அறிவு இவ்வளவுதான். ஒரு சொல்லும் படிக்காதவளாக இருந்தால் 'எனக்கு வரப்புல நடக்க முடியல' என்று யாரிடமாவது சொல்லியிருப்பேன்.

இரண்டு வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை பொள்ளாச்சிக்குப் போக வேண்டும். அந்த அறையில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். மருத்துவர் சீட்டில் எழுதிக்கொண்டே "எப்படி இருக்குது?" என்று கேட்பார். அவர் பார்வை பேனாவில் இருக்கும். அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "நல்லாருக்குதுங்க" என்பார். அவ்வளவுதான். அடுத்த ஆள் உள்ளே வருவார்.

எங்கள் பக்கத்தில் பெரியவர் யாராவது நலம் கேட்டால் அதுதான் பதில். காய்ச்சலில் படுத்திருப்பவரும் அதைத்தான் சொல்வார். வேறு ஏதாவது சொன்னால் மரியாதைக் குறைவு. அதிலும் மருந்து கொடுத்தவரே கேட்கும்போது நன்றாக இல்லை என்றால், உன் மருந்து சரியில்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி. அப்பா தன் வாழ்நாளில் யாரையும் அப்படிப் பேசியதில்லை.

எழுத்து குதிக்க ஆரம்பித்த பிறகு இரண்டு முறை போனோம். இரண்டாவது முறை மருத்துவர் அபூர்வமாகத் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். "வேற தொந்தரவு ஏதாச்சும் இருக்குதா, அம்மா?" என்று என்னையே கேட்டார். எனக்கு நாக்கு நுனிவரை வந்தது. பக்கத்தில் அப்பாவின் கையில் துண்டு. "இல்லீங்க" என்றேன்.

அப்பாவை இத்தனை குறை சொல்கிறேனே, அன்றைக்கு வாயைத் திறந்து பொய் சொன்னவள் நான்தான். அதை இத்தனை வருடம் கழித்தும் என்னால் சாதாரணமாக எழுத முடியவில்லை.

பதினோராவது வாரம் வெள்ளிக்கிழமை. டீச்சர் அன்று நடத்தியது அட்டாக்ஸியா (அசைவிலும் நடையிலும் ஒழுங்கு குலைதல்). சொல்லை மனப்பாடம் செய்தால் போதாது, எப்படிச் சோதிப்பார்கள் என்று தெரிய வேண்டும் என்று சொல்லி, யாராவது ஒருவர் முன்னால் வரச் சொன்னார். ஒரு காலின் குதியை மறு காலின் விரல் தொடும்படி வைத்து, நேர்கோட்டில் நின்று கண்ணை மூட வேண்டும். நல்ல உடம்புக்காரர் அப்படியே நிற்பார், ஒழுங்கு குலைந்தவர் சாய்வார் என்றார்.

டவுன் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக் கிசுகிசுத்தார்கள். எனக்கு ரோசம். வரப்பில் நடப்பதும் அப்படித்தானே, ஒரு காலுக்கு முன்னால் மறு கால். எழுந்து போய் நின்றேன். காலைச் சேர்த்து வைத்தேன். கண்ணை மூடினேன்.

தரை எந்தப் பக்கம் போனது என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது மேசைக் காலைக் கட்டிக்கொண்டு கிடந்தேன். முழங்கை எரிந்தது. வகுப்பு கை தட்டியது. நோயாளி எப்படி விழுவாள் என்று நான் நடித்துக் காட்டியதாக நினைத்துவிட்டார்கள். பலே என்று ஒருத்தி சொன்னாள்.

டீச்சர் கை தட்டவில்லை. வகுப்பை முடித்துவிட்டு என்னை மட்டும் இருக்கச் சொன்னார். என்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்டார். டைபாய்டு என்று மறுபடி ஆரம்பித்தவள், அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். ஊசியின் பெயரைச் சொன்னேன். எத்தனை ஆயிற்று என்றார். எழுபத்தேழு.

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்த ஊசி சிலருக்கு ஓட்டோடாக்ஸிக் (காதுக்கு நஞ்சாவது) என்றார். காதுக்குள்ளே கேட்பதற்கு ஓர் இடம் இருக்கிற மாதிரி, உடம்பைச் சாயாமல் நிறுத்துவதற்கும் ஓர் இடம் இருக்கிறதாம். ஊசி அதைத் தின்றுகொண்டிருக்கிறது என்றார். ஓட்டோ என்றால் காது என்பது முதல் வாரப் பாடம். மூன்று முறை எழுதியிருக்கிறேன்.

"டாக்டரோடு பறஞ்ஞோ?" என்று கேட்டார். மருத்துவரிடம் சொன்னாயா என்று.

"இல்ல டீச்சர்."

"சிம்ப்டம் எந்நா எந்தா?"

நோயாளி தானே உணர்ந்து சொல்வது என்று ஒப்பித்தேன். ஒப்பித்து முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது.  டீச்சர் கோபமாக இருந்தார். புத்தகங்களை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் விடிந்ததும் கம்பவுண்டர் வந்தார். அம்மா தண்ணீர் கொதிக்க வைத்தாள். நான் கயிற்றுக்கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, ஊசி வேண்டாம் என்றேன். அப்பா மாட்டுக்குச் சோளத்தட்டு போட்டுக்கொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"இன்னும் பதிமூணுதான் இருக்குது அம்மிணி. கண்ண மூடிக்கிட்டுப் போட்டுக்க" என்றார்.

"கண்ண மூடுனா நான் உழுந்தர்றேன்ப்பா. அதத்தான் சொல்ல வர்றேன்."

முதல் முறையாக எல்லாவற்றையும் சொன்னேன். எழுத்து, பலகை, சீயக்காய், வரப்பு, வகுப்பில் விழுந்தது. அம்மா அடுப்படி வாசலில் நின்று அழுதாள். அப்பா அழவில்லை, கோபப்பட்டார். நாளைக்கு நுரையீரல் மறுபடி புண்ணானால் யார் பொறுப்பு என்று கேட்டார்.  எனக்கும் அந்தப் பயம்தான்.

கம்பவுண்டரை அனுப்பிவிட்டு, அன்றைக்கே பொள்ளாச்சிப் பேருந்தில் ஏறினோம். இறங்குகிற இடம் வந்ததும் அப்பா மெதுவாகக் கேட்டார். "அவருகிட்டப் போயி என்னன்னு சொல்றது? அவரு மருந்தக் கொற சொல்ற மாதிரி ஆயிராதா?"

அது எங்களுக்குக் குறித்த சனிக்கிழமை இல்லை, காத்திருந்து போனோம். மருத்துவர் பேனாவைப் பார்த்தபடியே "எப்படி இருக்குது?" என்றார். அப்பாவுக்கு வாய் பழகிவிட்டது. "நல்லாரு..." என்று வந்தேவிட்டது.

"நல்லா இல்லீங்க" என்று நான் குறுக்கே சொன்னேன்.

பேனா நின்றது. அந்த அறையில் அப்பாவின் பேச்சை நான் வெட்டியது அதுதான் முதல் தடவை. அவர் துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். மருத்துவர் என்னை எழுந்து நிற்க வைத்தார், நடக்க வைத்தார், கண்ணை மூட வைத்தார். விழும்போது பிடித்துக்கொண்டார். எத்தனை நாளாக என்று கேட்டார். நாலு வாரம் என்றேன்.

"நடுவுல ரெண்டு தடவ வந்தீங்களே" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்று தெரியவில்லை. "அன்னைக்கே சொல்லீருந்தா அன்னைக்கே நிறுத்தீருப்பேனே."

ஊசியை நிறுத்தினார். மாத்திரைகளில் ஒன்றை மாற்றினார். நுரையீரலுக்கு இனி மாத்திரையே போதும் என்று நம்புவதாகச் சொன்னார். காதுக்குள் போனது திரும்பி வருமா என்று கேட்டேன். போனது போனதுதான், கண்ணும் காலும் கொஞ்சம் கொஞ்சமாக அந்த வேலையைக் கற்றுக்கொள்ளும் என்றார். தினமும் வெளிச்சத்தில் நடக்கச் சொன்னார். ஒரு பொருளை விடாமல் பார்த்துக்கொண்டே தலையை இடம் வலம் திருப்பிப் பழகச் சொன்னார். நல்ல மனிதர்தான். ஆனால் நாங்கள் சொல்லாததற்குக் கோபித்துக்கொண்ட அவர், எழுதுவதை நிறுத்திவிட்டு ஒரு தடவை என்னை நடக்கச் சொல்லியிருந்தால் சைன் என்று ஒன்று கிடைத்திருக்குமே என்று நான் நினைக்காமல் இல்லை. அதை அவரிடம் சொல்லவில்லை. எல்லாத் துணிச்சலும் ஒரே நாளில் வந்துவிடாது.

அப்பாவை மன்னிக்க எனக்கு நாளாயிற்று. அவரும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. வெளி ஆள் முன்னால் மகள் பேச்சை வெட்டினாள் என்பதுதான் அவருக்குப் பெரிதாக இருந்ததா, வேறு ஏதாவதா என்று நான் கேட்கவில்லை.

தேறுவது என்பதை நீங்கள் எப்படி நினைக்கிறீர்களோ எனக்குத் தெரியாது. எனக்கு அது படுமோசமான சலிப்பு. ஒவ்வொரு நாள் காலையும் வரப்பில் தென்னை மரத்தைப் பார்த்தபடி இருபது அடி, திரும்பி இருபது அடி. வயலில் களை எடுக்கும் பெண்கள் சிரிப்பார்கள். முந்தின நாளைவிட இன்று பரவாயில்லை என்று ஒரு நாளும் தோன்றாது. மூன்று மாதம் கழித்துத் திரும்பிப் பார்த்தால்தான் ஏதோ நகர்ந்திருப்பது தெரியும்.

ஓடும் பேருந்தில் படிப்பது முடிந்துபோன கதை. வண்டி நிற்கும் இடங்களில் மட்டும் படித்தேன். நல்லேப்பிள்ளியில் இரண்டு சொல். சித்தூரில் கூட்டம் ஏறி இறங்க நேரமாகும், அங்கே ஆறு சொல். நடுவில் யாராவது கைகாட்டி நிறுத்தினால் ஒரு சொல். மற்ற நேரமெல்லாம் ஜன்னலுக்கு வெளியே தூரத்து மலையைப் பார்த்துக்கொண்டு படித்ததை மனதுக்குள் சொல்லிப் பார்ப்பேன். அந்த வருடக் கடைசியில் மருத்துவச் சொற்கள் தாளில் தேறினேன். நுண்ணோக்கி முன்னால் அசையாமல் உட்கார்ந்தால் எனக்கு எதுவும் ஆடுவதில்லை. அந்த வேலை எனக்குத் தோதாகவே அமைந்தது.

ஒன்றரை வருடம் முடிந்து மாத்திரையை நிறுத்தும் நாள் வந்தது. அப்பாவும் நானும் அதே அறையில், அதே இரண்டு நாற்காலியில். மருத்துவர் புது எக்ஸ்ரேயை ஜன்னல் பக்கம் பிடித்தார். புண் காய்ந்து தழும்பாகிவிட்டது என்றார். அப்பாவின் மூச்சு எனக்குக் கேட்டது. பிறகு மருத்துவர் சீட்டை இழுத்து எழுத ஆரம்பித்து, பழக்கப்படி அப்பாவிடம் "எப்படி இருக்குது?" என்றார்.

அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்தார். வாயைத் திறந்தார். அந்தச் சொல் அவர் உதட்டில் இருப்பதை நான் பார்த்தேன். வாயை மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"அவளே சொல்லுவாளுங்க" என்றார்.

நான் சொன்னேன். நடந்துகொண்டே பெயர்ப்பலகை படிக்க முடியாது, நிற்க வேண்டும். தலைக்கு ஊற்றும்போது ஒரு கை சுவரில் இருக்க வேண்டும். கூட்டத்தில் யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் சட்டென்று திரும்ப முடியாது, முதலில் கால், பிறகு உடம்பு, கடைசியில் தலை. பகலில் என்னைப் பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. வெளிச்சம் போய்விட்டால் எனக்குத் தரை போய்விடுகிறது. இதற்கெல்லாம் பொருத்தமான சொற்கள் எனக்கு இப்போது தெரியும். ஒன்றைக்கூட நான் பயன்படுத்தவில்லை. மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். 'நல்லாருக்குதுங்க' சொல்ல ஒரு மூச்சு போதும். இதைச் சொல்லி முடிக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே காத்திருந்தவர்கள் இருமிக்கொண்டிருந்தார்கள். அப்பா தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். அதில் பாதியை அவர் அன்றுதான் முதலில் கேட்கிறார்.

அதனால் எங்கள் பேருந்து போய்விட்டது. அடுத்த பேருந்து எங்களை இறக்கிவிட்டபோது பொழுது சாய்ந்திருந்தது. வயலுக்கு நடுவில் வரப்பு கோடாக மட்டும் தெரிந்தது. என் நாள் இப்போது வெளிச்சத்தோடு முடிகிறது, மற்றவர்களுக்கு அதன் பிறகும் மிச்சம் இருக்கும். அப்பா வழக்கமாக முன்னால் விறுவிறுவென்று இறங்கிப் போய்விடுவார். அன்று வரப்பின் தலைப்பில் நின்று என்னை ஒரு முறை பார்த்தார்.  வரப்பை விட்டுவிட்டு, வயலைச் சுற்றிப் போகும் அகலமான வண்டித்தடத்தில் இறங்கி நடந்தார். அந்த வழியில் அரை மணி நேரம் கூடுதலாகும். அன்றிலிருந்து அந்தியில் அதுதான் எங்கள் வழி.